வெறும் அறைக்குச் சொன்னது

மாத்தளை
18.05.2025

அன்புள்ள மஸீனா மதினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் கலந்தர் நானாவும் மகன் பஸ்லியும் நல்ல சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். இங்கே நானும் மகள் நிப்லாவும் மருமகன் இன்ஷாபும் சுகம்.

உங்கள் தம்பி மௌத்தாகி ஒரு மாதமாகப் போகிறது. இந்த வரியை எழுதிவிட்டு அடுத்தது என்ன எழுதுவதென்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தாவின் நாலு மாதம் பத்து நாளும் முடியும்வரை எனக்கு இந்த ஜன்னல்தான் ஊர். ஆகஸ்ட் கடைசி வரை வாசற்படியைத் தாண்டக் கூடாது. ஆஸ்பத்திரிக்கு மட்டும் போகலாமாம். அப்படியென்றால் ஏதாவது ஒரு காய்ச்சல் வந்தால்கூடத் தேவலை, டவுனைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைத்துவிட்டு, உடனே அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுத் தவ்பா செய்துகொண்டேன்.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். என்னைப் பார்க்க வருகிற பெண்கள் அழுகிறார்கள். நானும் அழுகிறேன், நடிப்பில்லை. ஆனால் அவர்கள் படியிறங்கியதும் தலையணைக்கு அடியிலிருந்து புத்தகத்தை எடுக்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து கடைக்கு மிளகு காயப்போடுவதும் கராம்பு பொறுக்குவதும் சமைப்பதுமாக இருந்தவளுக்கு இப்போதுதான் பகலில் படிக்கக் கிடைத்திருக்கிறது. நிப்லா லைப்ரரியிலிருந்து கொண்டுவந்து தருகிறாள். ஒரு புத்தகம் முடிந்து அடுத்ததைத் திறக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, மதினி. புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு வரக்கூடாத சந்தோஷம் இது.

லைப்ரரியுடையது இல்லாமல் எங்கள் சொந்தப் புத்தகமாக இருக்கும் துப்பறியும் கதை ஒன்றை உங்கள் பக்கம் வரும் ஹெட்டிபொல பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

உங்கள் துஆவை எதிர்பார்க்கும்,
முனவ்வரா


வில்கமுவ
30.05.2025

முனவ்வராவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதத்தைத் தபால்காரன் மலைமலையாக நடந்து கொண்டுவந்தான் போலிருக்கிறது, அவ்வளவு நாள். நாங்கள் சுகம். என் காது அப்படியேதான். முன்பெல்லாம் இடது காதில் இடியாவது கேட்கும், இப்போது அதுவும் இல்லை. பஸ்லி எல்லாவற்றையும் போனில் எழுதிக் காட்டுகிறான். உனக்கும் அதிலேயே எழுதி அனுப்பச் சொல்கிறான். அதை அவன் படிப்பான், அவன் பெண்டாட்டி படிப்பாள், பக்கத்து வீட்டு நோனாவுக்கும் சிங்களத்தில் சொல்லிக்கொடுப்பார்கள். எனக்கும் உனக்கும் கடிதம்தான் சரி.

உன் துப்பறியும் கதையில் கொலைகாரன் டாக்டர்தான் என்று பாதியிலேயே கலந்தரிடம் சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அன்றிலிருந்து மருந்துப் போத்தலை நான் எடுத்துக் கொடுத்தால் மணந்து பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறார்.

புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் ஒளிக்காதே. குர்ஆனையும் ஓது, கதையையும் படி. அழுகிறவளுக்கும் நேரம் போக வேண்டுமே.

இனி நான் எழுத வந்த காரியம். தம்பியை அடக்கிய ஜனாஸாவன்று உன்னைச் சுற்றி ஊரே இருந்தது. உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். அது என் தம்பியைப் பற்றியது. உனக்கு நான் செய்த பிழையும்கூட. எழுதலாம் என்று பல தடவை பேனாவை எடுத்தேன், வரவில்லை. உன் முன்னால் உட்கார்ந்து சொல்லி, மன்னித்து ஹலாலாக்கித் தா என்று உன்னிடம் கேட்க வேண்டும். கேட்காமல் நான் மௌத்தாகிப் போனால் மறுமையில் உன் முன்னால்தான் கைகட்டி நிற்க வேண்டியிருக்கும். விதைப்பு முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவேன்.

நிப்லாவுக்கு இந்த மாமியின் சலாம்.

மஸீனா


மாத்தளை
09.06.2025

மதிப்பிற்குரிய மதினிக்கு,

சலாம். ஹஜ்ஜுப் பெருநாள் எப்படிப் போனது? எங்களுக்கு இந்த வருஷம் பெருநாள் இல்லை. ஆனாலும் அக்கம்பக்கத்திலிருந்து இறைச்சி வந்து குவிந்துவிட்டது. நம் சுந்தரம்மா (எஸ்டேட்டிலிருந்து உதவிக்கு வருகிறவள், உங்களுக்குத் தெரியும்) பாதியைப் பொரித்து வைத்தாள், பாதியைக் கொண்டுபோனாள்.

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு யோசித்துப் பார்த்தேன். நீங்கள் எனக்கு என்ன பிழை செய்துவிடப் போகிறீர்கள்? என் வட்டிலாப்பத்தில் இனிப்புக் குறைவென்று வந்தவர்களிடம் சொன்னதா? அதை நான் எப்போதோ மறந்துவிட்டேன் (மறக்கவில்லை). வாருங்கள். எந்த ஞாயிறு என்று முன்னதாக ஒரு வரி எழுதினால் நல்லது.

இப்போது நம் மாவட்டத்துப் பழைய கட்டிடங்களைப் பற்றி ஒரு புத்தகம் படிக்கிறேன். நாலந்தாவில் இருக்கும் அந்தக் கல் கோயிலை நீர்த்தேக்கத்துக்காகக் கல் கல்லாகப் பிரித்தெடுத்து மேட்டில் திரும்பக் கட்டினார்களாம். தம்புள்ளைப் பக்கம் போகும்போதெல்லாம் அதன் பெயர்ப்பலகையைத் தாண்டித்தான் போயிருக்கிறேன், ஒரு நாளும் இறங்கியதில்லை. இறங்கலாமா என்று கேட்டால் உங்கள் தம்பி, கல்லைப் பார்க்கவா பெட்ரோல் அடித்தேன் என்பார். அந்தப் பக்கத்தை நிப்லாவுக்கும் படித்துக் காட்டினேன். அவள் ஏதோ சொன்னாள். அது கிடக்கட்டும்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

முனவ்வரா


மாத்தளை
22.06.2025
(அனுப்பவில்லை)

மதினி,

இன்றைக்கு நீங்கள் வந்தீர்கள். நான் வீட்டில் இல்லை.

காலையில் நிப்லா வந்து, "வெள்ளைக்கு மேல அபாயா போட்டா யாருக்கு உம்மா தெரியப்போகுது? போய்ட்டு உடனே வந்துரலாம்" என்றாள். நான் வேண்டாமென்று ஒரு தடவைதான் சொன்னேன். இரண்டாம் தடவை சொல்லியிருந்தால் அவள் விட்டிருப்பாள், அது எனக்கும் தெரியும். யாராவது வந்தால் காய்ச்சலென்று சொல், மாத்திரை போட்டுத் தூங்குகிறேன் என்று சொல் என்று சுந்தரம்மாவிடம் சொல்லி என் அறையைப் பூட்டிச் சாவியையும் அவள் கையில் கொடுத்தது நான்தான். இன்ஷாபின் வேனில் பின் சீட்டில் குனிந்து உட்கார்ந்து டவுனைத் தாண்டினேன்.

நாலந்தாவில் அந்தச் சின்னக் கல் கட்டிடத்தை மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்திருந்தது. காற்றும் நன்றாக அடித்தது. புத்தகத்தில் படித்த ஒவ்வொன்றையும் நான் கையைக் காட்டிச் சொல்ல, இன்ஷாப் பின்னாலேயே வந்து கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது ரோட்டோரத்தில் அவித்த சோளம் வாங்கித் தந்தார். உப்பும் மிளகாயும் உதட்டை எரித்ததில் அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்பின் நடுவில்தான் உங்கள் தம்பியின் நினைவு வந்தது. காலையிலிருந்து அதுவரை ஒரு தடவைகூட வரவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தால் மேசையில் ஒரு முட்டி தயிர். சுந்தரம்மாவின் முகம் செத்திருந்தது. நீங்கள் படியேறுவதைப் பார்த்ததும் பதறி, நெற்றியில் கை வைத்தும் கன்னத்தில் கை வைத்தும் காய்ச்சல், தூக்கம் என்று காட்டியிருக்கிறாள். நீங்கள் தலையாட்டிவிட்டு ஒரு கதிரையை இழுத்து என் அறைக் கதவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தீர்களாம்.

"கதவோரமா மொகத்த வச்சுக்கிட்டு மெதுவா என்னமோ பேசிக்கிட்டே இருந்தாங்கம்மா. அழுதாங்க. நமக்கு அத கேக்குறது சரியில்லன்னு நான் பின்னுக்குப் போயி மொளகா இடிக்க ஆரம்பிச்சிட்டேன்" என்றாள்.

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. பின்னேர பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று போய்விட்டீர்கள்.

எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். இதை எப்படி உங்களுக்கு அனுப்புவேன்?


மாத்தளை
23.06.2025

அன்புள்ள மதினிக்கு,

சலாம். நேற்று அவ்வளவு தூரத்திலிருந்து வந்தும் உங்களைப் பார்க்க முடியாமல் போய்விட்டது. கொஞ்சம் காய்ச்சலாக இருந்தது. மாத்திரை போட்டதில் கண்ணைத் திறக்க முடியவில்லை. குறை நினைக்காதீர்கள். இப்போது பரவாயில்லை.

தயிர் மிகவும் நன்றாக இருந்தது. நிப்லா கித்துள் பாணி ஊற்றிச் சாப்பிட்டாள்.

பஸ்ஸில் இடம் கிடைத்ததா? பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா?

முனவ்வரா


வில்கமுவ
02.07.2025

என் முனவ்வராவுக்கு,

அல்லாஹ் உனக்குப் பூரண சுகத்தைத் தரட்டும். காய்ச்சலோடு கடிதம் எழுதச் சொல்லி யார் உன்னிடம் கேட்டது? கருஞ்சீரகமும் தேனும் பஸ்ஸில் அனுப்பியிருக்கிறேன். தேன் கலந்தரின் கூட்டாளி காட்டிலிருந்து எடுத்தது, சீனிப்பாணி இல்லை. இந்தக் காலத்துக் காய்ச்சலை நம்ப முடியாது, இரத்தம் சோதித்துப் பார்த்தாயா? ஆஷூரா நோன்பை உன் சுகத்துக்காக நிய்யத்து வைத்துப் பிடிக்கப் போகிறேன். பஸ்லியின் பெண்டாட்டியும் பிடிக்கிறாளாம்.

முனவ்வரா, அன்றைக்கு நான் சொன்னதைப் பற்றி உன் கடிதத்தில் ஒன்றுமில்லை. காய்ச்சல்காரியிடம் போய் அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று பஸ்ஸில் வரும்போது நினைத்தேன். ஆனால் கதவுக்கு முன்னால் உட்கார்ந்ததும் நெஞ்சு தாங்கவில்லை. உன் முகம் தெரியாததும் ஒரு வகையில் லேசாக இருந்தது. நீ பதில் சொன்னாலும் எனக்குக் கேட்கப் போவதில்லை, அதனால் ஒரு கையைக் கதவில் வைத்துக்கொண்டுதான் சொன்னேன். சொல்லி முடித்து ஹலால் கேட்டபோது நீ உள்ளேயிருந்து தட்டினாய். என் உள்ளங்கைக்கு நன்றாகத் தெரிந்தது. ஒன்றிரண்டு தட்டல் இல்லை, நீ தட்டிக்கொண்டே இருந்தாய். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அது போதும் எனக்கு. ஆனாலும் மனுஷி மனம், எழுத்தில் ஒரு வரி பார்க்க ஆசைப்படுகிறது. உடம்பு தேறியதும் எழுது. அவசரமில்லை.

மஸீனா


மாத்தளை
10.07.2025

அன்புள்ள மதினிக்கு,

சலாம். தேனும் கருஞ்சீரகமும் கிடைத்தன. உங்கள் நோன்பை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. எனக்கு இப்போது ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன். இனி எனக்காக நோன்பு பிடிக்க வேண்டாம், தயவுசெய்து.

அன்று நீங்கள் சொன்னதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. ஹலாலாக்கிவிட்டேன். அதைப் பற்றி இனி யோசிக்கவே வேண்டாம்.

இந்தத் தடவை அனுப்பும் புத்தகம் ஒரு நர்ஸ் எழுதியது. வெளிநாட்டில் வயதானவர்களைப் பார்த்துக்கொண்ட அனுபவங்கள். கொஞ்சம் சோகம். பிடிக்காவிட்டால் படிக்க வேண்டாம். நானும் முழுதாகப் படிக்கவில்லை. இப்போதெல்லாம் படிக்க உட்கார்ந்தால் ஒரே பக்கத்திலேயே நின்றுவிடுகிறேன்.

முனவ்வரா


வில்கமுவ
18.07.2025

என் கண்ணே முனவ்வரா,

உன் கடிதம் வந்த அன்று நான் எப்படி இருந்தேன் தெரியுமா? வாசலில் வைத்தே தபால்காரனிடமிருந்து பிடுங்கிப் படித்தேன். அவன் சிங்களத்தில் ஏதோ கேட்டான், நான் சிரித்துக்கொண்டு அவனுக்கு ஒரு பப்பாசிப்பழம் கொடுத்து அனுப்பினேன். மௌத்துக் கடிதமோ கல்யாணக் கடிதமோ என்று குழம்பியிருப்பான்.

ஜனாஸாவுக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. கலந்தர் கேட்கும்போதெல்லாம் பல்வலி என்று சொல்லிவந்தேன். என் வாயில் மிஞ்சியிருப்பதே நாலு பல், அதில் எந்தப் பல் என்று கேட்டு அவர் ஆளைத் துளைத்துவிட்டார். அன்றைக்கு இரண்டாம் தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன். விஷயத்தை அவரிடமும் சொன்னேன். முனவ்வராவே ஹலாலாக்கிவிட்டாள் என்றால் இனி உனக்கு என்ன என்று எழுதிக் காட்டினார். உன் வரியை அவருக்கும் காட்டினேன்.

உன் இடத்தில் நான் இருந்திருந்தால் மன்னித்திருப்பேனா என்று கேட்டுப் பார்த்தேன். மாட்டேன். குறைந்தது ஒரு வருஷமாவது உன்னோடு பேசாமல் இருந்திருப்பேன். நீ பெரிய மனசுக்காரி. தம்பி உன்னைக் கட்டிக்கொண்டபோது, இந்தப் பிள்ளைக்கு வாயில்லையே, எப்படிக் குடும்பம் நடத்தும் என்று உம்மாவிடம் சொன்னவள் நான். அதற்கும் சேர்த்து மன்னித்துக்கொள்.

நர்ஸின் புத்தகம் பாதி படித்துவிட்டேன். நன்றாக இருக்கிறது. புதுச் சோளம் அனுப்புகிறேன், உனக்குப் பிடிக்குமே.

உன் மஸீனா மதினி


மாத்தளை
27.07.2025

மதினிக்கு,

சலாம். நீங்கள் அனுப்பிய சோளத்தை நான் தொடவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நீங்கள் வந்த ஞாயிறன்று அந்த அறையில் நான் இருக்கவில்லை. எனக்குக் காய்ச்சலும் இல்லை. நிப்லாவோடும் இன்ஷாபோடும் நாலந்தாவுக்குப் போயிருந்தேன். இத்தாவில் இருக்கிறவள், ஒரு புத்தகத்தில் படித்த கல்லைப் பார்க்க ஆசைப்பட்டுப் படி தாண்டிப் போனேன். வழியில் சோளம் சாப்பிட்டேன், சிரித்தேன். அதே நேரத்தில் நீங்கள் பூட்டிய வெறும் அறைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தீர்கள். சுந்தரம்மாவோடு கோபிக்காதீர்கள், அவளைப் பொய் சொல்லச் சொன்னவள் நான். உங்கள் கைக்குத் தெரிந்தது என் தட்டல் இல்லை. அவள் குசினிக்குப் பின்னால் உரலில் மிளகாய் இடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுப் பழைய பலகைக் கதவு அதற்கெல்லாம் அதிரும்.

நீங்கள் சொன்னது எதுவும் எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் ஹலாலாக்கிவிட்டேன் என்று எழுதினேன். என் பொய்யைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அந்த வரியை எழுதினேன்.

இதை எழுதாமல் இருந்துவிடலாம் என்றும் பார்த்தேன். நீங்கள் சாப்பிடுகிறீர்கள், தூங்குகிறீர்கள், நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது அப்படியே இருக்கும். ஆனால் நான் கொடுத்தது மன்னிப்பே இல்லை. மறுமையில் அது செல்லாது என்று தெரிந்தால் அங்கே வைத்து நீங்கள் என்னை என்ன கேட்பீர்கள்?

என்னை நீங்கள் திட்டலாம். திட்டி முடிந்ததும் அந்த விஷயத்தைத் திரும்பச் சொல்லுங்கள். இந்தத் தடவை நான் இருக்கிறேன்.

முனவ்வரா


மாத்தளை
08.08.2025

மதினிக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. நர்ஸின் புத்தகத்தை நேற்றுக் கண்டக்டர் கொண்டுவந்து கொடுத்தார். பாதியில் மடித்த பக்கம் அப்படியே இருந்தது. உள்ளே துண்டுக் கடிதம் ஏதாவது இருக்குமா என்று உதறிப் பார்த்தேன்.

எனக்குப் பதில் வேண்டாம், சுகமாக இருக்கிறீர்கள் என்று மட்டும் பஸ்லி மூலமாவது ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

முனவ்வரா


வில்கமுவ
14.08.2025

முனவ்வராவுக்கு,

சுகமாக இருக்கிறேன்.

நாலந்தாவுக்குப் போனதைப் பற்றி நீ அல்லாஹ்விடம் கேட்டுக்கொள். அது எனக்கும் உனக்கும் இடையில் உள்ளதில்லை. என்னைக் கேட்டால் நானும் போயிருப்பேன். ஆனால் வெறும் அறைக்கு முன்னால் என்னை உட்கார வைத்தாய் பார், அதை என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை. செவிடி என்று தெரியும்தானே. மற்றவர்கள் என் முதுகுக்குப் பின்னால் பேசினால் எனக்குப் பழகிவிட்டது. நீ அந்தக் கூட்டத்தில் இல்லை என்று நினைத்திருந்தேன். கலந்தரிடம் போய்ச் சொன்னேன். அன்றைக்கு அவர் எனக்கு இரண்டாம் தடவை சோறு போட வரவில்லை, இறங்காது என்று அவருக்கே தெரிந்திருந்தது.

சொல்லத்தான் வேண்டும் என்றால் சொல்கிறேன். எழுத்திலேயே சொல்கிறேன், இனி மாத்தளைக்கு வந்து எந்தக் கதவுக்கு முன்னாலும் உட்கார என்னால் முடியாது.

நோன்புப் பெருநாள் முடிந்த அடுத்த கிழமை தம்பி இங்கே வந்தான், நினைவிருக்கிறதா? உனக்குப் பச்சரிசி கொண்டுவந்தானே, அந்தத் தடவை. அரிசி மூட்டையைத் தூக்கி மோட்டார் சைக்கிளில் வைத்தவன் அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டான். முகமெல்லாம் வேர்வை. இடது கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். கலந்தரும் பஸ்லியும் வயலில். நான்தான் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிவந்து படுக்கவைத்தேன். இஞ்சி போட்டுப் பிளேன்டீ கொடுத்தேன். பின்னேரம் அசர்த் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரம் எழுந்து உட்கார்ந்து, ஒன்றுமில்லை, காற்றுப் பிடிப்பு என்றான். அவன் வாயசைவு மட்டும் எனக்குச் சத்தமில்லாமலே விளங்கும்.

"முனவ்வராட்ட சொல்லிராதீங்க ராத்தா. அவ இப்பவே ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருவா" என்றான்.

நான் தலையாட்டினேன். சிரித்துக்கொண்டு போனான். இரண்டு கிழமையில் மௌத்து.

அதோடு முடியவில்லை. அவன் போன மறுநாள் உனக்குக் கடிதம் எழுதினேன். நீ அனுப்பிய நாவலைப் பற்றி முழுப் பக்கம் எழுதினேன். அந்தக் கதாநாயகி வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இருபதாம் பக்கத்திலேயே பிரச்சினை தீர்ந்திருக்கும், முட்டாள் என்று அவளைத் திட்டி எழுதினேன். கீழே, தம்பி வந்து போனான், நன்றாக இருக்கிறான் என்று ஒரு வரி. அதை எழுதும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும்.

இதுதான் விஷயம். இப்போது உனக்குத் தெரியும். ஹலாலாக்கிவிட்டேன் என்று நீ எழுதிய பழைய வரியை நான் கிழித்துவிட்டேன். ஹலால் கேட்டு இந்தத் தடவை நான் உன்னை நெருக்க மாட்டேன். தருவதும் தராததும் உன் இஷ்டம்.

மஸீனா


மாத்தளை
24.08.2025

என் மதினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதம் வந்து ஐந்தாறு நாளாகிவிட்டது. வேண்டுமென்றே பதில் எழுதாமல் இருக்கவில்லை. எழுத உட்காரும்போதெல்லாம் கோபம் முன்னால் வந்து நின்றது.

படித்த அன்று முழுக்க உங்களோடு கோபம். அடுத்த நாள் அதைவிடக் கோபம். அவர் சொன்னது சரி, நான் இழுத்துக்கொண்டுதான் போயிருப்பேன். வாயில்லாதவள் என்று நீங்கள் உம்மாவிடம் சொன்னீர்களே, அன்றைக்கு என் வாயைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கிழமை இருந்தது, மதினி. ஒரு கிளினிக் நாளாவது அதில் வந்திருக்கும். நிப்லாவிடம் சொல்லி அழுதேன். அவள் உங்களைத் திட்டினாள், மாமியைத் திட்டாதே என்று நான் அவளைத் திட்டினேன். பிறகு நானே திட்டினேன். இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

பிறகு அலுமாரியைக் கிளறி உங்கள் ஏப்ரல் மாதக் கடிதத்தை எடுத்தேன். அது வந்த பின்னேரம் அவர் கடையிலிருந்து வந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் அவருக்கு அதைப் படித்துக் காட்டினேன். கதாநாயகியை நீங்கள் திட்டியிருந்த இடத்தில் இரண்டு பேரும் சிரித்தோம். அதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். கடைசி வரியையும் படித்துவிட்டு நிறுத்தினேன்.

"அவ்வளவுதானா?" என்று கேட்டார்.

"அவ்வளவுதான்" என்றேன். கோப்பையில் மிச்சமிருந்ததைக் குடித்துவிட்டுத் தொழப் போனார்.

நீங்கள் எழுதாமல் விட்டது அவருக்குத் தெரியும், மதினி. எழுதிவிட்டீர்களோ என்று பயந்துதான் கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார். இல்லை என்றதும் நிம்மதியாகப் போனார். இவ்வளவு நாளும் அவர் பாவம் என்று அழுத நான், அன்றைக்குத்தான் முதன்முதலாக அவரோடு கோபித்துக்கொண்டு அழுதேன்.

ஜனாஸாவை எடுப்பதற்கு முன் பெண்கள் என்னிடம் வந்து, அவருடைய எல்லாவற்றையும் ஹலாலாக்கிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நீங்களும் பக்கத்தில் நின்றீர்கள். என்ன, ஏது என்று நான் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாம் ஹலால் என்று சொன்னேன். அந்த எல்லாவற்றுக்குள் இதுவும் இருந்திருக்கிறது. அவருக்குக் கொடுத்ததைத் திருப்பி வாங்க முடியாது, வாங்கவும் மாட்டேன். மறைத்தவருக்குக் கொடுத்துவிட்டு, அவர் சொல் கேட்ட உங்களுக்கு எப்படி இல்லை என்பேன்?

ஹலால், மதினி. தெரிந்துகொண்டு எழுதுகிறேன். போன தடவை இந்த வார்த்தையைச் சும்மா எழுதிவிட்டேன். இந்தத் தடவை எழுத நாளாகிவிட்டது, கோபமும் இன்னும் முழுதாகப் போகவில்லை. போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், உங்களுக்குச் சொன்ன பொய்கள் போதும். அந்த வெறும் அறைக்காக நீங்களும் என்னை மன்னிக்க வேண்டும். நானும் உங்களை நெருக்க மாட்டேன்.

நாளையோடு இத்தா முடிகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை இன்ஷாபின் வேனில் அங்கே வருகிறோம். நான் படி தாண்டி முதலில் வருவது உங்கள் வீட்டுக்குத்தான் (இரண்டாவது என்று சொல்ல வேண்டும், தெரியும்). கலந்தர் நானாவிடம் சொல்லி வையுங்கள், சமையல் ஒன்றும் பெரிதாக வேண்டாம். வந்ததும், அன்று உங்கள் தம்பியை நீங்கள் படுக்கவைத்த இடத்தை எனக்குக் காட்டுங்கள். அங்கே நான் கொஞ்ச நேரம் படுத்திருக்க வேண்டும். நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

முனவ்வரா